புனைவு மாந்தர் மீது தீர்ப்புக் கூறுதல்: பிரித்தானியத் தொடர்நாடகங்களும் பார்வையாளரின் அறவுணர்வும்

1998ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் பிரித்தானிய மக்களிற் பெருந்தொகையினர் ஒரு பெண்ணின் சிறைவாசங் குறித்து மனங்கொதித்தனர். டியட்றி என்னும் அப்பெண், தன்னை விமானி என்று கூறிக்கொண்ட ஜோன் லின்ட்சே என்ற ஏமாற்றுக்காரனை நம்பி வாழ்ந்தவள். அவன் செய்த பணமோசடிக்கு அவளே குற்றவாளி என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவள் குற்றமற்றவள் என்பதை நாட்டிலுள்ள வீடுகளெல்லாம் அறிந்திருந்தன. நீதிமன்றம் மட்டுமே அறியவில்லை. அவளை விடுவிக்கக் கோரிப் பத்திரிகைகள் இயக்கம் நடத்தின. அன்றைய பிரதமர் ரொனி பிளெயரும் அவளுக்குச் சார்பாகப் பகிரங்கமாகப் பேசினார். மூன்று வாரங்களில் அவள் சிறையினின்றும் வெளியேறினாள். இவை யாவும் உண்மையில் நிகழ்ந்த கிளர்ச்சியின் வரலாறு; டியட்றி என்றொரு பெண் மட்டும் எக்காலத்திலும் இருந்ததில்லை. அவள் 'கொரனேசன் ஸ்ரீற்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் கதைமாந்தருள் ஒருத்தி.

நாடக மாந்தர் ஒருத்திக்காக நாட்டின் பிரதமர் வாய்திறப்பது நகைப்புக்குரியதே. பிளெயரும் பாதி விளையாட்டாகவே பேசினார். பத்திரிகைகளும் தம் விற்பனையை மறந்து அவ்வியக்கத்தை நடத்தவில்லை. ஆயின் சாதாரண பார்வையாளரின் சினத்தை விளையாட்டென்று ஒதுக்கிவிட இயலாது. இல்லாத ஒருத்திக்கு இழைக்கப்பட்ட அநீதி எவ்வாறு அநீதியாகும்? நிகழாத குற்றத்தின்மீது கூறப்படும் தீர்ப்பு அறத்தின்பாற்பட்டதா, அன்றி வெறும் பொழுதுபோக்கின்பாற்பட்டதா? அத்தகைய தீர்ப்பைக் கூறிப் பழகிய மனம், உண்மையான மனிதரைத் தீர்ப்பிட நேரும்போது செம்மையுறுகின்றதா, கெடுகின்றதா? இவை கலைபற்றிய வினாக்கள் மட்டுமல்ல, ஒழுக்கம்பற்றிய வினாக்களுமாகும்.

ஆங்கிலத்தில் இத்தகைய தொடர்களைச் 'சோப் ஒப்பெரா' என்பர். சவர்க்கார நாடகம் என அதனைத் தமிழிற் கூறலாம். 1930களில் அமெரிக்க வானொலியில் இல்லத்தரசியரை நோக்கி ஒலிபரப்பான தொடர்களுக்குச் சவர்க்கார உற்பத்தியாளர் பணம் வழங்கியமையால் வந்த பெயர் அது. உள்நாட்டில் விளம்பரமே ஒளிபரப்பாத பி.பி.சி.யின் தொடருக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டமை, பெயரில் தொனிக்கும் இகழ்ச்சி எவ்வளவு வசதியாக இருந்தது என்பதையே காட்டுகின்றது. 'கொரனேசன் ஸ்ரீற்' மன்செஸ்ரரிலிருந்த கிரனாடா நிறுவனத்தால் 1960 டிசம்பர் 9ஆந் திகதி தொடங்கப்பட்டது. அதனை உருவாக்கிய ரொனி வொறனுக்கு அப்பொழுது வயது இருபத்துநான்கு. சல்போட் நகரின் ஒட்டி நின்ற சிறுவீடுகளை மாதிரியாகக்கொண்டு வெதர்பீல்ட் என்னும் கற்பனை ஊர் படைக்கப்பட்டது. வடஇங்கிலாந்துத் தொழிலாளரின் பேச்சும் சமையலறையும் தெருமுனை மதுச்சாலையும் தொலைக்காட்சித் திரையில் மதிப்புடன் இடம்பெறுவது அன்று புதுமையாயிருந்தது. பி.பி.சி. 1985 பெப்ரவரி 19இல் ஆரம்பித்த 'ஈஸ்ற் எண்டேர்ஸ்' கிழக்கு இலண்டனின் வறிய பகுதியொன்றை வோல்போட் என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. கொலையும் தீவிபத்தும் இத்தொடர்களில் இல்லாமலில்லை. எனினும் இவற்றின் உயிர்நாடி குடும்பமே: யார் யாருக்குப் பொய் சொன்னார், யார் பிள்ளைக்கு யார் தந்தை, வாக்குக் கொடுத்தவர் காத்தாரா என்பனவே.

புனைவுக்காக அழுவதன் பொருத்தத்தை ஆராய்ந்தோர் பலர். பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில், பிறன் துன்பத்தை மேடையிற் கண்டு தாராளமாக அழுபவன், தன் துன்பம் வரும்போது தன்னைக் கட்டுப்படுத்தும் வலிமையை இழப்பான் என்று எச்சரித்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் சாமுவேல் ஜோன்சன் இதற்கு எளியதொரு விடை கூறினார்: பார்வையாளன் எக்கணமும் அறிவிழப்பதில்லை; மேடை மேடையே என்பதைத் தொடக்கமுதல் முடிவுவரை அவன் அறிவான். 1975இல் கொலின் றட்போட் என்னும் மெய்யியலாளர், இல்லை என்று அறிந்த ஒருத்திக்காக இரங்குவது மனிதருக்கு இயல்பாயினும் தருக்கத்துக்கு முரணானது என்று வாதிட்டார். மூன்றாண்டுகளின்பின் கெண்டல் வோல்ற்றன், இத்தகைய உணர்ச்சிகள் குழந்தைகளின் பாவனை விளையாட்டுப் போன்றவை என்றார்.

இவ்விவாதம் நுட்பமானதெனினும், நம்பிக்கை என்ற ஒன்றையே சுற்றிச்சுற்றி வருகின்றது. தொடர்நாடகப் பார்வையாளர் ஏமாந்து நம்புகின்றனர் என்பது அவர்களோடு உரையாடாதவரின் கற்பனை. டொறதி ஹொப்சன் என்னும் ஆய்வாளர் 'குறொஸ்றோட்ஸ்' என்ற தொடரைப் பற்றி 1982இல் நூலொன்று வெளியிட்டார். அதற்காக அவர் பார்வையாளரின் வீடுகளுக்கே சென்று அவர்களுடனிருந்து அத்தொடரைப் பார்த்தார். தயாரிப்பின் குறைபாடுகளுக்காக விமர்சகர் ஏளனஞ்செய்த தொடர் அது. பார்ப்போரும் அக்குறைகளை அறிந்தேயிருந்தனர். அறிந்தும் கதைமாந்தரின் இன்னல்களைத் தம் வாழ்வனுபவங்கொண்டு அளந்து பேசினர். ஒரே மூச்சில் கதைமாந்தரையும் ஏசி, கதை எழுதியவரின் சோம்பலையும் ஏசுபவர் மயக்கத்தில் இருப்பவரல்லர். ஆகவே, அவர்கள் நம்புகின்றனரா என்பதைவிட, அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கின்றனர் என்பதே அறநோக்கில் முதன்மையான வினாவாகும்.

இதற்கு ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாக நோக்குவது பொருந்தும். 'ஈஸ்ற் எண்டேர்ஸ்' தொடரின் முதலாண்டுகளில் மதுச்சாலை நடத்திய டென் வொற்ஸும் அவன் மனைவி அன்ஜியும் அதன் மையமாயிருந்தனர். டென்னுக்கு வேறொருத்தியுடன் நெடுநாள் தொடர்பு. அன்றியும், அயல்வீட்டுப் பள்ளி மாணவியான மிஷேலின் குழந்தைக்கும் அவனே தந்தை. அதனைப் பார்வையாளர் அறிவர்; அவன் மனைவி அறியாள். குடியில் ஆறுதல் தேடிய அன்ஜி, 1986இன் பிற்பகுதியில் கணவன் தன்னைக் கைவிடப்போவதை உணர்ந்து, தான் இன்னும் ஆறு மாதங்களே உயிர்வாழ்வேன் என்றொரு பொய்யைச் சொன்னாள். டென் மனமிரங்கித் தங்கினான். அவளை வெனிசு நகருக்கும் அழைத்துச் சென்றான். திரும்பும் வழியில், புகைவண்டியில், அவள் மதுபரிமாறுபவனிடம் உண்மையைக் கூறுவது அவன் காதில் விழுந்தது. அவன் அப்பொழுது ஒன்றும் சொல்லவில்லை. நத்தார் நாள்வரை காத்திருந்து, பரிசு கொடுப்பதுபோல் விவாகரத்துப் பத்திரத்தை அவள் கையிற் கொடுத்தான். அந்த நத்தார் ஒளிபரப்பை, மறு ஒளிபரப்பையும் சேர்த்து, 3 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்ததாகக் கணக்கிடப்பட்டது.

இங்கே யார் குற்றவாளி? சாவைக் காட்டிக் கணவனைக் கட்டிவைத்தவள் அன்ஜி. அது சிறிய பொய்யன்று. இரக்கத்தைக் களவாடுதல் அது. ஆயின் அவளை அந்நிலைக்குத் தள்ளியவன் டென். அவனது துரோகம் ஆண்டுக்கணக்கானது. ஏமாற்றப்பட்ட கணத்தில் அவன் கொண்ட சினத்துக்கு நியாயமுண்டு; ஆயின் வாரக்கணக்கில் அதனைப் பேணி வைத்திருந்து, குடும்பங்கள் கூடிமகிழும் நாளில் எறிந்ததற்கு நியாயமில்லை. முதல் நாள் டென்னைக் கொடியவன் என்ற வீடே மறுநாள் அன்ஜியும் சும்மா இருக்கவில்லையே என்று கூற இடமிருந்தது. குற்றம் இருவரிடத்தும் இருந்தது; ஆனால் சமமாக இருக்கவில்லை. அச்சமமின்மையை அளந்து கூறுவதற்கு எந்தச் சட்டப் புத்தகமும் உதவாது. இரு பக்கத்தையும் வீட்டினுள் இருந்து கண்டவருக்கே அது இயலும்.

அடம் ஸ்மித், பொருளியல் நூல் எழுதுவதற்கு முன்னர், 1759இல் அறவுணர்ச்சிகளைப் பற்றி எழுதினார். தன்னலமற்ற பார்வையாளன் ஒருவன் நின்று பார்த்தால் நமது செயலை எவ்வாறு மதிப்பான் என எண்ணிப்பார்ப்பதே ஒழுக்கத்தின் அளவுகோல் என்பது அவர் கருத்தின் சாரம். தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பவர் அப்பார்வையாளனுக்கு வியக்கத்தக்க அளவு அண்மையில் உள்ளார். டென்னால் அவருக்கு இலாபமில்லை, அன்ஜியால் நட்டமில்லை, மூடிய கதவுகளுக்குப் பின்னால் நடந்தவையும் அவருக்குத் தெரியும். உலகில் எந்த நீதிபதிக்கும் வாய்க்காத வசதி இது. ஆனால் இவ்வசதியிலேதான் ஆபத்தும் உண்டு. அது பின்னர் நோக்கப்படும்.

தொடர்நாடகத்துக்கும் ஏனைய நாடகங்களுக்கும் இடையே மேலுமொரு வேறுபாடு உண்டு. துன்பியல் நாடகம் முடிவடைகின்றது. திரை விழுந்ததும் தீர்ப்பும் நிலைபெறுகின்றது. கொலைசெய்தவன் எக்காலமும் கொலைகாரனே. தொடர்நாடகத்துக்கு முடிவில்லை. தீர்ப்பிடப்பட்டவன் மறுநாட் காலையில் அதே தெருவில் பால் வாங்க வருகின்றான். கென் பார்லோவின் கதை இதற்குத் தக்க சான்று. 'கொரனேசன் ஸ்ரீற்'றின் முதல் நாளிலிருந்தே அதில் இடம்பெறும் பாத்திரம் அது. ஒரே நடிகரே அதனை ஏற்று நடித்துவந்துள்ளார். 1983இன் தொடக்கத்தில் கென்னின் மனைவி டியட்றி, தொழிற்சாலை முதலாளியான மைக் போல்ட்வினுடன் தொடர்பு கொண்டாள். கென் நல்லவன், படித்தவன், சற்றே சலிப்பூட்டுபவன். மைக் துடிப்பானவன், நம்பத்தகாதவன். அவள் யாரிடம் போவாள் என்று நாடே காத்திருந்தது. இறுதியில் அவள் கணவனிடம் தங்கினாள். அச்செய்தி அன்றிரவு நடைபெற்றுக்கொண்டிருந்த உதைபந்தாட்டப் போட்டியின்போது மன்செஸ்ரர் யுனைற்றெட் கழக அரங்கின் புள்ளிப் பலகையில் அறிவிக்கப்பட்டது. கென் வென்றான், அறமும் வென்றது என்றே தோன்றியது.

ஆயின் 1989இல் அதே கென், வேறொரு பெண்ணுடன் தொடர்பு கொண்டான். ஆறு ஆண்டுகளுக்கு முன் துரோகத்தாற் புண்பட்டவன், தானே துரோகம் இழைத்தான். அவனை வீட்டைவிட்டு வெளியேற்றியவள் முன்பு துரோகம் இழைத்த டியட்றி. 1983இல் கென்னின் பக்கம் நின்றோர் இப்பொழுது என்ன சொல்வது? முன்னைய தீர்ப்பு பிழையென்று கூறவியலாது. அன்று அவன் புண்பட்டவனே. ஆனால் அத்தீர்ப்பு அவன் முழு வாழ்வின்மீதும் கூறப்பட்டதன்று என்பது இப்பொழுது தெரிகின்றது. இருவரும் பிரிந்தனர், 2005இல் மறுபடியும் மணந்துகொண்டனர். அப்பிரிவுக்கு முன்னர் கென்னின் மகளே மைக்கை மணந்திருந்தாள். 2006இல், நினைவு பிறழ்ந்த மைக் அத்தெருவிலேயே விழுந்து உயிர்விட்டபோது, அவனைத் தாங்கிப் பிடித்திருந்தவன் கென். சாகும் தறுவாயில் மைக்கின் மனத்தில் 1983ஆம் ஆண்டுப் பூசலே நின்றது. டியட்றி தன்னுடையவள் என்று தன்னைத் தாங்கியிருந்தவனிடமே கூறினான். இருபத்துமூன்று ஆண்டுகள் அத்தொடரைப் பார்த்த ஒருவருக்கு அக்காட்சியில் யாரை வெறுப்பது என்று தெரிந்திருக்க முடியாது.

நீதிபதி தீர்ப்புக் கூறியபின் எழுந்து வீடு செல்கின்றார். குற்றவாளியுடன் அவருக்கு மேலும் உறவில்லை. சுற்றத்தார் கூறும் தீர்ப்போ வேறு வகையானது. தவறிழைத்த தம்பியை வையலாம். அவனோடு ஓராண்டு பேசாதிருக்கலாம். ஆயினும் அடுத்த மரணவீட்டில் அவனருகே நின்றாகவேண்டும். தொடர்நாடகப் பார்வையாளரின் தீர்ப்பு இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. இத்தொடர்களை இகழ்வோர் அவற்றின் முடிவின்மையைக் கலைக்குறைபாடென்பர். கலை என்ற வகையில் அவர்கள் கூற்றில் உண்மையிருக்கலாம். அறப்பயிற்சி என்ற வகையில் அம்முடிவின்மையே அவற்றின் சிறப்பு. அரிஸ்ரோட்டில் கூறிய துன்பியல் நாடகத்தால் இதனைச் செய்யவியலாது.

எனினும் ரூசோவின் குற்றச்சாட்டுக்கு விடைகூறாமல் இவ்வாறு புகழ்வது நேர்மையாகாது. நாடக அரங்குகளுக்கு எதிராக 1758இல் அவர் எழுதிய கடிதத்தில், புனைவுக்குக் கண்ணீர் வழங்கியவன் தன் கடமை முடிந்ததென மகிழ்கின்றான் என்றார். உண்மையான ஏழை அவனிடம் பணமும் உழைப்பும் கேட்பான். நாடக ஏழையோ கண்ணீரை மட்டுமே கேட்கின்றான். 1998ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை இவ்வொளியில் நோக்கினால் நெஞ்சு உறுத்தும். டியட்றிக்காக எழுந்த முழக்கம், 'வெதர்பீல்டின் ஒருவரை விடுவிப்பீர்' என்பது. அம்முழக்கத்தின் சொல்லமைப்புக் கற்பனையில் தோன்றியதன்று. உண்மையாகவே பிழையான தீர்ப்பினாற் சிறைசென்றோருக்கான இயக்கங்களிலிருந்து எடுக்கப்பட்டது அது. பேர்மிங்ஹாம் நகரின் மதுச்சாலைகளில் 1974இல் குண்டுகள் வெடித்து 21 பேர் மாண்டனர். அதற்காக 1975இல் ஆயுட்சிறை விதிக்கப்பட்ட அறுவர் 'பேர்மிங்ஹாம் அறுவர்' எனப்பட்டனர். அவர்கள் குற்றமற்றவர்கள். 1991 மார்ச்சிலேதான் விடுதலையாயினர். டியட்றிக்கு மூன்று வாரம். அவர்களுக்குப் பதினாறு ஆண்டு.

இவ்வேறுபாட்டுக்கு மக்களின் கல்நெஞ்சமே காரணம் என்று கூறின் அது மேலோட்டமான விடையாகும். டியட்றி ஏமாற்றப்பட்டதை மக்கள் தம் கண்ணாற் கண்டிருந்தனர். கண்டவருக்கு நம்பிக்கை தேவையில்லை. அறுவரைப் பொலிசார் விசாரித்த அறையில் எந்தப் பார்வையாளரும் இருக்கவில்லை. அவர்களது குற்றமின்மையை ஏற்பதாயின், அவர்களைக் கைதுசெய்தோர் பொய்ச்சாட்சியம் கூறியதையும் ஏற்கவேண்டும். 1980இல் அவர்களது குடியியல் வழக்கை நிராகரித்த டெனிங் பிரபு, அத்தகையதொரு நிலைமை எண்ணிப்பார்க்கவும் இயலாத அளவு பயங்கரமானது என்னும் கருத்தையே காரணமாகக் கொண்டார். புனைவில் அப்பாவியின் பக்கம் நிற்பதற்கு விலையில்லை. வாழ்வில் அதற்கு விலையுண்டு. அங்கு நிற்பவர் காணாததை நம்பவேண்டும், நம்பி வந்த ஒன்றைக் கைவிடவும் வேண்டும். எல்லாவற்றையும் கண்டு தீர்ப்பிட்டுப் பழகியவர், வாழ்விலும் தாம் எல்லாவற்றையும் கண்டுவிட்டதாக எண்ணுவாராயின், அதுவே மேலே சுட்டப்பட்ட ஆபத்து.

ஆயினும் ரூசோவின் கூற்று எப்பொழுதும் உண்மையாவதில்லை. 1951 முதல் பி.பி.சி. வானொலியில் நாடெங்கும் ஒலிபரப்பாகிவரும் 'ஆச்சர்ஸ்' என்னும் கிராமத்துக் குடும்பத் தொடரில், 2013 முதல் ஹெலன் என்ற பெண்ணின் வாழ்வில் றொப் என்பவன் நுழைந்தான். அவன் அவளை அடித்து நொறுக்கவில்லை. அவள் உடையைக் குறைகூறினான், தோழியரைப் பிரித்தான், வாகனம் ஓட்டுவதை நிறுத்தினான், அவளது மனநிலையையே அவள் ஐயுறும்படி செய்தான். இவை யாவும் அன்பென்ற பெயரில், மெல்ல மெல்ல, இரண்டரை ஆண்டுகளாக நடந்தன. அவள் உணர்வதற்கு நெடுநாள் முன்னரே கேட்போர் உணர்ந்தனர். 2016 ஏப்ரிலில் அவள் அவனைக் கத்தியாற் குத்தினாள். கேட்பவர் ஒருவர் ஹெலனின் பெயரால், கொடுமைக்குள்ளான பெண்களுக்குப் புகலிடம் வழங்கும் 'றெபியூஜ்' அமைப்புக்கென நிதி திரட்டத் தொடங்கினார். 1 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட தொகை சேர்ந்தது. இத்தகைய அடக்கியாளும் நடத்தையைக் குற்றமாக்கும் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறைக்கு வந்து அப்பொழுது சில மாதங்களே ஆகியிருந்தன. அச்சட்டம் கூறும் குற்றம் எப்படியிருக்கும் என்பதைப் பலர் சட்டநூலிலன்றிச் சமையலறை வானொலியிலேயே கேட்டறிந்தனர் எனலாம்.

டியட்றிக்காக எழுந்த குரலும் ஹெலனுக்காக எழுந்த குரலும் வேறுபடும் இடம் கவனிக்கத்தக்கது. முன்னையது கதையாசிரியரை நோக்கியது. ஆசிரியர் மனம்வைத்தால் அக்கோரிக்கை நிறைவேறிவிடும், நிறைவேறியதும் எல்லோரும் உறங்கச் செல்லலாம். பின்னையதில், ஹெலனுக்கு எதுவும் செய்யவியலாது என்பதை உணர்ந்தே மக்கள் அவளைப்போன்றோரிடம் திரும்பினர். அவள் இல்லாதவள் என்ற அறிவே அவர்களை இருப்பவர்களிடம் அனுப்பியது. றட்போட் முரண்பாடு என்று கண்ட இடத்திலிருந்து ஒரு செயல் பிறந்தமை மெய்யியலாளர் சிந்திக்கத்தக்கது.

பார்வையாளரின் கோபம் கதைமாந்தர் மீதன்றிப் படைத்தோர் மீது திரும்பும் சந்தர்ப்பங்களும் உண்டு. 2010ஆம் ஆண்டின் கடைசி இரவில், 'ஈஸ்ற் எண்டேர்ஸ்' தொடரில் றொனி என்ற இளந்தாயின் குழந்தை தொட்டிலில் உறக்கத்திலேயே இறந்தது. பித்துப்பிடித்தவளாய் அவள் அதே இரவில் பிறிதொருத்தியின் குழந்தையை எடுத்துக்கொண்டு, தன் இறந்த குழந்தையை அத்தொட்டிலில் வைத்தாள். ஆயிரக்கணக்கான முறைப்பாடுகள் பி.பி.சி.க்கு வந்தன. கதை எண்ணியிருந்ததற்கு முன்னதாக முடித்துவைக்கப்பட்டது. இவ்வாறு குழந்தையைப் பறிகொடுத்த உண்மைத் தாய்மாரும் முறையிட்டோருள் இருந்தனர். துயரம் தம்மைக் கள்வராக்கவில்லை என்பதே அவர்களது வாதம்.

கலைச்சுதந்திரத்தின் பெயரால் அவர்களை மறுக்கலாம். றொனி தாய்க்குலத்தின் பிரதிநிதியல்லள், அவள் ஒருத்தி, ஒருத்தி எதனையும் செய்யலாம் என்று கூறலாம். ஆனால் அம்மறுப்பு இங்கே செல்லாது. இதே றொனி 2009இல், பிறந்தவுடன் பிரிந்த மகளை அடையாளங்கண்ட கணத்திலேயே வாகன விபத்தில் அவளைப் பறிகொடுத்தவள். அந்தத் துயரின்மேல் இந்தத் துயரையும், அதன்மேல் இந்தக் குற்றத்தையும் ஏற்றியது அவளது இயல்பன்று, புத்தாண்டு ஒளிபரப்பின் தேவை. ஆகவே எழுந்த கோபத்தில் இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று, இறந்த குழந்தைகளின் தாய்மாருக்காக எழுந்தது. மற்றது றொனிக்காகவே எழுந்தது: அவள் அவ்வாறு செய்யமாட்டாள், நீங்களே அவளைச் செய்வித்தீர்கள் என்றது. தன்னைப் படைத்தவரிடமிருந்தே ஒரு கதைமாந்தரைக் காக்க முயல்வது விந்தையே. ஆயின் ஆண்டுக்கணக்கில் அறிந்த ஒருவரைப்பற்றி யாரேனும் அவதூறு கூறினால் சுற்றத்தார் வேறென்ன சொல்வர்?

கொடியவராக நடிப்போரைத் தெருவிற் கண்டு ஏசுவோரும் உளர். அது அறியாமையேயன்றி அறமன்று. அதுபற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. டென்னாக நடித்த லெஸ்லி கிறன்தம், இராணுவத்திலிருந்தபோது 1966இல் ஜேர்மனியில் வாடகை வாகனச் சாரதி ஒருவரைக் கொன்று சிறைத்தண்டனை அனுபவித்தவர். சிறையிலேதான் நடிப்பிற் புகுந்தவர். தொடர் ஆரம்பித்த சில நாட்களில் இச்செய்தியைப் பத்திரிகைகள் வெளியிட்டன. ஆயினும் அவர் தொடரில் நீடித்தார். அதன் மிகப் புகழ்பெற்ற நடிகருமானார். கற்பனை மனைவிக்கு அவர் இழைத்த கற்பனைத் துரோகம் கோடிக்கணக்கானோரின் பேச்சாயிற்று. தண்டனை அனுபவித்தவரை மன்னிப்பது பெருந்தன்மையே. அது மன்னிப்பா, மறதியா என்பதுதான் தெளிவாகவில்லை.

1984இல் ஸ்ரான் ஒக்டன் இறந்தான். 'கொரனேசன் ஸ்ரீற்'றில் இருபதாண்டுகள் வாழ்ந்தவன் அவன். சாளரம் துடைப்பது அவன் தொழில், வேலையைத் தவிர்ப்பதும் பியர் குடிப்பதும் அவன் கலை. வீடு வீடாகத் துப்புரவுப் பணி செய்து அவனைத் தாங்கியவள் மனைவி ஹில்டா. அத்தெருவினர் அவனைப் பற்றிச் சொல்லாத குறையில்லை. பார்த்தோரும் அவனைச் சிரித்தும் கடிந்தும் தீர்த்திருந்தனர். அவனாக நடித்தவர் அவ்வாண்டு ஓகஸ்டிற் காலமானதைப் பார்வையாளர் ஏற்கெனவே அறிந்திருந்தனர். மரணச்சடங்கு முடிந்து எல்லோரும் போனபின், மருத்துவமனையிலிருந்து வந்த சிறு பொதியை ஹில்டா மேசையில் வைத்துத் தனியே அவிழ்த்தாள். உள்ளே அவனது உடைமைகள் சில இருந்தன. அவற்றுள் மூக்குக்கண்ணாடிக் கூடும் இருந்தது. அவள் அதனைத் திறந்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு அழத்தொடங்கினாள்.